தில்லையம்மாள் முடிக்காத கட்டுரை

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் தில்லையம்மாள். அப்பா இல்லை. அம்மா காமாட்சியம்மாள்தான் தறியில் உட்கார்ந்து மகளை பி.ஏ. சரித்திரம் வரை கொண்டுவந்திருந்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் நீதி கேட்டுப் போராடுவதை எல்லாத் துறைகளும் சேர்ந்து ஆராய வேண்டும்; மாணவர்கள் இருவர் இருவராகக் கட்டுரை படிக்க வேண்டும். தில்லைக்குக் கூட்டாளி காந்தா. கூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்; வகுப்பிலேயே கெட்டிக்காரி.

இருவரும் ஒவ்வொரு ஆசிரியராகப் போய்க் கேட்டார்கள். சரித்திர ஆசிரியர் அடிமைக் கப்பல்களைப் பற்றிச் சொன்னார். பொருளாதார ஆசிரியர், "எல்லாம் பருத்திக் காட்டுக்கு ஆள் வேணும்னுதாம்மா" என்றார். விலங்கியல் ஆசிரியரோ, தோலுக்கு அடியில் மனிதனுக்கு மனிதன் பேதமே கிடையாது என்று அடித்துச் சொன்னார். மூன்றும் சரியாகத்தான் பட்டன. அப்படியானால் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தால் இன்னொருவனுக்கு ஏன் உடம்பு கூசுகிறது? அதற்கு மட்டும் தில்லைக்குப் பதில் கிடைக்கவில்லை.

எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தாவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். காமாட்சியம்மாள் சிரித்த முகத்தோடு காபி கொடுத்தாள்.

"கூரத்துல எந்தத் தெருமா?"

"காலனிங்க."

அம்மாவின் முகம் மாறவில்லை. "குடிமா, ஆறிடப்போவுது" என்றாள். குடித்துவிட்டு எழுந்த காந்தா, தறியில் இருந்த அரக்குப் பட்டைப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்குது!" என்று கையை நீட்டினாள்.

"தொடாதம்மா!"

காந்தா கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

"ஏம்மா அப்பிடிச் சொன்னே?" என்றாள் தில்லை.

"வேர்வை பட்டா பட்டுல கறை ஏறிடும்டீ. உன்னையே எத்தினி வாட்டி திட்டியிருக்கறேன்?"

அது உண்மைதான். ஆனால் போன மாதம் ஜரிகைக்காரர் மகள் அதே தறியைத் தடவித் தடவிப் பார்த்தபோது அம்மா வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மறந்திருப்பாளோ? இல்லை, இன்றைக்குச் சொன்னது எதற்கென்று அம்மாவுக்கே தெரியாதோ?

கருத்தரங்கில் காந்தா தன் பங்கைத் தடுமாறாமல் படித்தாள். காரணங்களைச் சொல்லி முடிப்பது தில்லையின் பங்கு. கடைசிப் பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"முடிவா எதுதாம்மா காரணம்?" என்றார் பொருளாதார ஆசிரியர்.

"தெரியல சார். எங்க வீட்லயே என்னான்னு தெரியல."

அரங்கம் சிரித்தது. காந்தா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் தில்லை அவளிடம் கேட்டாள்: "அன்னிக்கு எங்கம்மா எதுக்கு அப்பிடிச் சொன்னாங்கன்னு நெனைக்கறே?"

"உங்கம்மா மனசு எனக்கு எப்பிடிப்பா தெரியும்? ஒவ்வொரு எடத்துலயும் இத்தையே யோசிச்சிக்கினு இருந்தா நான் எப்பப் படிக்கறது?"

படிப்பு முடிந்து காந்தா சென்னையில் டெலிபோன் ஆபீசில் சேர்ந்தாள். தில்லை ஊரிலேயே பள்ளி ஆசிரியை ஆனாள். சிநேகம் விட்டுப்போகவில்லை.

சில வருஷம் கழித்துக் கூரத்தில் காந்தாவுக்குக் கல்யாணம். காமாட்சியம்மாள் தானும் வருவதாகச் சொல்லியிருந்தாள். புறப்படும் நேரத்தில், "தலை வலிக்குதுடீ, நீ போயிட்டு வா" என்று படுத்துவிட்டாள். தில்லை சந்தேகத்தோடு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே சுட்டது. கோபப்படுவதா, பக்கத்தில் உட்கார்வதா என்று புரியாமல் நின்றவள், கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

"அம்மா வரலியாப்பா?" என்றாள் மணப்பெண்.

"ஜுரம்" என்றாள் தில்லை. சொன்னது பொய்யில்லை. ஆனாலும் காந்தாவின் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.