ஆளில்லாத சர்வர்

எனக்கும் என் தம்பிக்கும் தொலைபேசியில் பேச வராது. சண்டை எதுவும் கிடையாது. அவன் பெர்த்தில் இருக்கிறான், நான் கிள்ளானில். இரண்டு ஊருக்கும் கடிகாரத்தில் ஒரே நேரம்தான், அதனால் அழைக்காமல் இருப்பதற்கு நேரத்தைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. அழைத்தால் சாப்பிட்டாயா, அங்கே மழையா, சரி வைக்கிறேன் என்பதோடு முடிந்துவிடும். நாங்கள் அக்கா தம்பியாகப் பேசிக்கொண்டதெல்லாம் கணினி விளையாட்டில்தான். சனிக்கிழமை மதியம் சமையலை முடித்துவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு ஏதோ ஒரு தீவில் குதிப்பேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பக்கத்து ஊர் மேருவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை, வீட்டில் தனியாள். ஆபீசில் இந்த விளையாட்டைப் பற்றி நான் மூச்சு விடுவதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் எனக்குக் கோபம் வரும், வந்த கோபத்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

அம்மா போனபோது பெருந்தொற்றுக்காக எல்லைகளெல்லாம் மூடிக் கிடந்தன. தம்பி டிக்கெட் எடுத்தான், ரத்தானது. மறுபடி எடுத்தான், அதுவும் ரத்தானது. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் மூத்த மகனும் இளைய மகனும் அவன் ஒருவன்தான். கடைசியில் பெரியப்பா மகன் அவன் இடத்தில் நின்றார். நான் மயானத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவன் பார்க்கட்டும் என்று. திரையின் மூலையில் அவன் முகம் சின்னதாகத் தெரிந்தது. நடுவில் லைன் போய்விட்டது. திரும்பக் கிடைத்தபோது அம்மாவைத் தகன உலைக்குள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அன்றோடு நாங்கள் முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டோம்.

இறப்பதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி வார்டில், அம்மா நல்ல நினைவோடு என்னிடம் ஒன்று சொன்னார்.

“அவன வரச் சொல்லி அலைக்கழிக்காத. வர வேணாம். வந்தா அழுவான். அவன் அழுவுறத பாத்துக்கிட்டு என்னால நிம்மதியா போக முடியாது.”

இதை அவனிடம் சொல்லத்தான் கருமக்கிரியை முடிந்ததும் அழைத்தேன். அம்மா என்று ஆரம்பித்ததுமே, “அக்கா, அது வேணாம்,” என்றான். குரல் உடைந்துவிட்டது. நான் வற்புறுத்தவில்லை. எழுதி அனுப்பவும் மனம் வரவில்லை. கேட்காதவனிடம் சொன்னால், அக்கா ஆறுதலுக்காக இட்டுக்கட்டிச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பான். அவனாகக் கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் அது அவனுக்குள் இறங்கும்.

விளையாட்டை ஆரம்பித்து வைத்தவன் அவன்தான். பெர்த்துக்குப் போவதற்கு முன் அவனே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கணினி என் வீட்டுப் பின்னறையில் கிடந்தது. ஒருநாள், அது இன்னும் ஓடுகிறதா என்று செய்தி அனுப்பினான். தூசியைத் துடைத்துப் போட்டேன், ஓடியது. முதல் சில வாரங்கள் நான் சுவரில் முட்டிக்கொண்டும், எதிரியை விட்டுவிட்டு அவனையே சுட்டுக்கொண்டும் இருந்தேன். அவன் சிரித்தான். அம்மா போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்ச நாள் வேண்டுமென்றே தப்பாகச் சுட்டேன்.

அந்த விளையாட்டில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். ஒருவரை ஒருவர் தீர்த்துக்கட்டி, கடைசியில் நிற்கிற அணிக்கு வெற்றி. ஆனால் பாதி நேரம் சண்டையே இருக்காது. ஏதாவது ஒரு கட்டடத்தில் மாடியறையைப் பிடித்து ஒளிந்திருக்க வேண்டும். அவன் ஜன்னலைப் பார்ப்பான், நான் படிக்கட்டைப் பார்ப்பேன். அப்படி ஒரு தடவை ஒளிந்திருக்கும்போதுதான், எத்தனை குண்டு மிச்சம் இருக்கிறது என்று கேட்கிற அதே குரலில் கேட்டான்.

“அந்த வார்டுல ஜன்னல் இருந்துச்சா, அக்கா?”

இருந்தது, கார் பார்க் பக்கம் பார்த்த ஜன்னல் என்றேன். சரி என்றான். சில வாரம் கழித்து, வார்டில் குளிராக இருந்ததா என்று கேட்டான். வீட்டிலிருந்து பச்சைப் போர்வை கொண்டுபோனதைச் சொன்னேன். இன்னொரு நாள், பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார்கள் என்றான். காப்பாரிலிருந்து வந்த ஒரு சீனக் கிழவி என்றேன். கண் திரையில் இருக்கும்போது, கை வேலையாக இருக்கும்போது, சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருக்கும்போது அவனால் கேட்க முடிந்தது. வார்டு வாசலில் நுழைந்து மெல்ல மெல்லக் கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தான். நான் அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பொறுமை இருந்தது என்பதே ஆச்சரியம்.

இதற்கிடையில், இந்தக் கணினி விண்டோஸின் புதிய பதிப்புக்குத் தகுதியற்றது என்று திரையில் ஓர் அறிவிப்பு வர ஆரம்பித்தது. தகுதியற்றது என்று என் வீட்டுக்குள் வந்து சொல்ல அதற்கு என்ன தைரியம் என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, மதர்போர்டுக்கு வயசாகிவிட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்றார். எனக்கும்தான் வயசாகிவிட்டது, என்னை யாரும் தூக்கிப் போடவில்லையே என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது தம்பி கையால் பூட்டியது என்பதைக் கடைக்காரரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

லினக்ஸ் போட்டேன். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் சேர்ந்து எழுதிய, இலவசமாகக் கிடைக்கிற அமைப்பு. என்னைப் போன்ற கணக்குப் பிரிவு ஆளுக்கு அது லேசில் பிடிபடவில்லை. ஒருநாள் சத்தம் வராது, சத்தம் வந்தால் மைக் வேலை செய்யாது. இணைய மன்றத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், சொன்னவர்களே தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஆனால் எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் எனக்காகப் படிப்படியாக எழுதிக் கொடுத்து, சரியாகும்வரை கூடவே இருந்தார். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டை லினக்ஸில் ஓட்டவும் வழி இருந்தது. ஓடியபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். ஒரு வருடத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. என் கணினியில் என்னைக் கேட்காமல் யாரும் கை வைக்க முடியாது என்கிற மிதப்பு எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஒரு பழைய வீட்டு மாடியில் ஒளிந்திருந்தோம். தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அக்கா, அம்மா கடைசியா என்னைப் பத்தி ஏதாச்சும்...”

கீழே காலடிச் சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்கள் என்று கிசுகிசுத்தான். நான் படிக்கட்டைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து பதில் சொல்லத் தொடங்குவதற்குள் கதவு திறந்தது, இரண்டு பேரும் செத்தோம். தம்பி சிரித்தான். மனைவி கூப்பிடுகிறாள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். அந்த வாரம் முழுவதும் மேருவில் கணக்குப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவின் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும், ஒரு சொல் கூட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை விளையாட்டு திறக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒரு காவல் நிரலைச் சேர்த்திருந்தார்கள். விளையாட்டில் திருட்டுத்தனம் செய்கிறவர்களைப் பிடிக்கிற நிரல் அது. கணினியின் அடிமட்டம்வரை போய்ப் பார்க்க அதற்கு அனுமதி வேண்டும். நீ திருடி இல்லை என்று நாங்கள் நம்ப வேண்டுமானால் வீட்டுச் சாவியைக் கொடு என்கிற மாதிரி. லினக்ஸில் அந்தச் சாவியை அதனிடம் கொடுக்க முடியாது, அதனால் லினக்ஸ் ஆட்கள் மொத்தமாக வெளியே. மன்றத்தில் ஒரே கூச்சல். லினக்ஸில் விளையாடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்காக மாற்றமாட்டோம் என்று கம்பெனி பதில் போட்டிருந்தது. அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தியாக உட்கார்ந்து அதைப் படித்தேன். கோபம் வருவதற்கு முன் அழுகை வந்தது.

தம்பியிடம் சொன்னேன். புது பிசி வாங்கு லா என்று பதில் வந்தது. உடனே வாங்குகிற நிலையில் நான் இல்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. லினக்ஸ்காரர்களே செய்த ஒரு துப்பாக்கி விளையாட்டு கிடைத்தது. இலவசம், எல்லோரும் வந்து சேர்ந்து விளையாடுகிற களத்தை, அதாவது சர்வரை, விருப்பமுள்ளவர்கள் தங்கள் கணினியில் தாங்களே நடத்தலாம். என் பழைய கணினியிலேயே ஒரு சர்வரை ஏற்றினேன். அதற்குக் கிள்ளான் என்று பெயர் வைத்தேன். பெர்த்திலிருந்து தம்பி வந்தான். வேறு யாரும் வரவில்லை. உலகம் முழுவதற்கும் திறந்து வைத்த கதவு, உள்ளே நாங்கள் இரண்டு பேர்.

யாரும் இல்லையே என்று நிரலே இயக்கும் எதிரிகளை விட்டுப் பார்த்தேன். அவற்றை எந்த உற்சாகமும் இல்லாமல் சுட்டுத் தள்ளினான். விளையாட்டு எப்படி என்று கேட்டால் நல்லா இருக்கு என்பான். சின்ன வயதில் பாகற்காயைத் தட்டில் ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்கிற அதே நல்லா இருக்கு. எதிரிகளை எடுத்துவிட்டேன், அமைதியாக இருந்தால் பேசுவான் என்று நினைத்து. காலி மைதானத்தில் அவன் உருவம் ஒரு சுவரோரம் வந்து நின்றது. என் உருவம் எதிரே நின்றது. இப்போது கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் மூச்சு விடுவது கேட்டது.

“இங்க யாருமே இல்லையே, அக்கா,” என்றான்.

சொன்ன விதத்தில் பயம் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் இல்லாத இடத்தில் நானும் அவனும் மட்டும் நின்றால் அது தொலைபேசிதான். எல்லாமே எங்கள் கையில் இருந்த அந்த இடத்தில், அவன் ஒளிந்துகொள்ள ஒரு கூட்டத்தை மட்டும் என்னால் உண்டாக்க முடியவில்லை. பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு தடவை வந்தான், பிறகு வரவில்லை. நான் சனிக்கிழமைகளில் சர்வரைத் திறந்து வைத்துவிட்டுத் துணி மடிப்பேன். யாராவது உள்ளே வந்தால் ஒரு மணி அடிக்கும். அடிக்கவே இல்லை.

ஆண்டு முடிவில் புதுக் கணினி வாங்கினேன். விண்டோஸ், காவல் நிரல், அது கேட்ட சாவி, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டினேன். என் மிதப்பெல்லாம் எங்கே போனது என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தம்பிக்கு மனசு நிறைந்த சந்தோஷம்தான். ஆனால் அவனுக்கு இப்போது ஓர் அணி இருந்தது, வேலையிடத்து நண்பர்கள் இரண்டு பேர். நாலாவது இடம் காலியாக இருக்கிறது வா அக்கா என்றான். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். இருந்தாலும் கூட்டம் இருக்கிறது, மாடியறை இருக்கிறது, ஒருநாள் அவர்கள் இரண்டு பேரும் செத்து வெளியே போனால் எங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

போன மாதம் ஒரு கிடங்கில் நாலு பேரும் ஒளிந்திருந்தோம். நண்பர்களில் ஒருவனுடைய அம்மா மெல்பர்னில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன், சட்டென்று தம்பியிடம் கேட்டான், உன் அம்மா இறந்தபோது நீ பக்கத்தில் இருந்தாயா என்று.

தம்பி துப்பாக்கியில் குண்டு நிரப்புகிற சத்தம் கேட்டது. பிறகு தம்பி சொன்னான், ஆமாம், கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலோரக் கட்டில். கார் பார்க் தெரியும். குளிருக்கு ஒரு பச்சைப் போர்வை போர்த்தியிருந்தோம்.

நண்பன் என்னிடம், கடைசி நேரத்தில் மகன் பக்கத்தில் இருந்தது உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி, இல்லையா என்றான். பேசுவதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். தம்பியின் மூச்சு கேட்டது.

ஆமாம், கூடவேதான் இருந்தான் என்றேன் ஆங்கிலத்தில்.

கொஞ்ச நேரம் கழித்து, இடது பக்கம் ஆள் வருகிறது என்று தம்பி எல்லோருக்கும் சொன்னான். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சுட்டேன். வர வேண்டாம் என்று அம்மா சொன்னதை, வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தவனிடம் இனி நான் எப்படிச் சொல்வது?