ஒரே ரத்தந்தானே: இருக்கன்குடியில் ஒரு மொட்டை

போன ஆடி மாதம் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனோம். தங்கச்சி கற்பகத்தின் மகனுக்கு முதல் மொட்டை, தாய்மாமன் மடி வேண்டுமே! எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. அவள் புருஷன் செல்வம் ஒரு வருடமாகத் தனித்தட்டில் சாப்பிடுகிறான், தனியாகப் படுக்கிறான், பக்கத்தில் போனாலே விலகுகிறான் என்று போனில் அழுதாள். அவனை நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்றுதான் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மதுரையில் பஸ் ஏறினேன்.

சாத்தூருக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை ஆனதால் கால் வைக்க இடமில்லை. செல்வத்துக்குத் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலை. குடும்பத்தோடு முன்னாலேயே வந்திருந்தவன், "வாங்க மச்சான், சாப்பிட்டீகளா?" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆற்றங்கரையில் முடி இறக்குபவர் ஒருவரைப் பிடித்தோம். முதலில் செல்வத்துக்கு மொட்டை. அடுத்து பிள்ளையை மடியில் வைத்து நான் உட்கார்ந்தேன். அவர் புது பிளேடைப் பிரிக்கப் போனார். அப்பாவுக்கு எதிலும் அவசரம்.

"அப்பனும் மகனும் ஒரே ரத்தந்தானே! எதுக்கு மாத்துறீக? சட்டுனு வழிச்சு விடுங்க."

செல்வம் பாய்ந்து வந்து முடி இறக்குபவரின் கையைப் பிடித்தான். "வேண்டாம் மாமா! எம் ரத்தம் அவனுக்கு வேண்டாம்!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்து என் காதோடு விஷயத்தைச் சொன்னான். ஒரு வருடம் முன்பு கம்பெனியில் தீக்காயம் பட்டவருக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது, இவனுக்கு ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் தொற்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் ஒரு வலி இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை.

"வெளிய தெரிஞ்சா எம் பக்கத்துல உக்காந்து எவன் மச்சான் வேலை பாப்பான்?" என்றான். கேட்க வைத்திருந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டு, புது பிளேடையே பிரிக்கச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு ஒன்று. ஆடி வெள்ளியைத் தவிர்த்தால் நிம்மதியாகச் சாமி கும்பிடலாம். பிளேடைக் கையோடு வாங்கிப் போங்கள், தலைக்கு ஒன்று. காது குத்தவும் பச்சை குத்தவும் புது ஊசிதானா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

மறுவாரம் எல்லோரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்குத் தடுப்பூசி முன்பே போட்டாயிற்று. கற்பகத்துக்குத் தொற்று இல்லை, மூன்று தவணை ஊசி போட்டால் போதும். செல்வம் மட்டும் தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும். தட்டிலும் தம்ளரிலும் இது ஒட்டாது, ரத்தத்திலும் தாம்பத்தியத்திலும்தான் பரவும் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கற்பகம் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பாவி மனுசா! என்னையப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்!"