ஆனந்தராஜாவின் பீலி

ஆனந்தராஜா மெல்பேர்னில் பஸ் ஓட்டுகிறவர். டண்டினோங்கில் தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். குளிர்காலத்துக்கு முன் அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியவற்றை அவரைப் போல ஆசையாகச் செய்கிறவர் அந்தப் பக்கத்தில் இல்லை. ஹீட்டரைப் பார்க்க ஆள் அழைப்பார். ஜன்னல் இடுக்குகளை அடைப்பார். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியை ஏணி வைத்துத் தானே வழிப்பார். எல்லாம் சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முடிய வேண்டும். வருடம் பிறக்கும்போது வீடு துப்புரவாக இருக்க வேண்டும். வாடகை வீடும் வீடுதானே.

பிழை அங்கேதான் இருந்தது. அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் சித்திரை கொளுத்தும் வெயில். இங்கே இலையுதிர்காலத்தின் நடு. அவர் ஏணியை மடித்து வைத்த பிறகுதான் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் மும்முரமாக உதிரும். போன குளிர்காலம் பீலி அடைத்து, மழைத்தண்ணீர் உள்ளே திரும்பி, கூடத்தில் இருந்த பியானோவின் மேல் சொட்டியது.

அங்கே குடியிருந்த ரதி மலேசியாக்காரி. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவள். வீட்டைத் தன் வீடாகப் பார்த்துக்கொள்பவள். பியானோவை ஒடுங்கிய நடைக்குள் தள்ளிவிட்டு, "இன்னொரு தடவை ஒழுகினா வேற வீடு பார்த்துருவேன் அங்கிள்" என்றாள். கோபமில்லாமல் சொன்னதுதான் அவரைச் சுட்டது.

இந்தச் சித்திரையில் அவர் ஏணியைத் தூக்கும்போதே மனைவி சுஜீவா மறித்தாள்.

"வருசப்பிறப்பு மரத்துக்குத் தெரியுமே? கொட்டி முடியட்டும், பிறகு ஏறுங்கோ."

பீலியை மட்டும் விட்டுவைத்தார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் சிக்னலில் நின்றால் தெருவோர மரங்களை அண்ணாந்து பார்த்தார். மாலையானால் ரதிக்கு அழைப்பு.

"மரம் என்ன மாதிரி?"

"உச்சியில கொஞ்சம் பிடிவாதமா நிக்குது அங்கிள்."

"எவ்வளவு பிடிவாதம்?"

"உங்க அளவுக்கு இல்ல."

ஒரு நாள் அவளே அழைத்தாள். மரம் மொட்டை. மறுநாள் பெருமழை என்று வானிலைச் செய்தி சொல்லியிருந்தது. ஆனந்தராஜா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சுஜீவா ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஊறிய இலைகளைக் கை கையாக அள்ளி வீசினார். கலியாண வீட்டில் பரிமாறுகிறவர் போல முகம்.

"என்ர தலையில போடாதேங்கோ" என்றாள் சுஜீவா.

மறுநாள் வேலையில்லை. முதல் துளி விழும்போது அவர் ரதியின் முற்றத்தில் குடையோடு நின்றார். மழை வலுத்தது. பீலியிலிருந்து இறங்கும் குழாய் முதலில் இருமியது. பிறகு கொடகொடவென்று கொட்டத் தொடங்கியது.

"வருது, ரதி, வருது."

கதவைத் திறந்தவள் அவரை உள்ளே கூப்பிட்டாள். கூடத்தில் ஒரு வாளி வைத்திருந்தாள். இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். கூரைத்தட்டில் போன வருடத்துக் கறை மட்டும். கூரையில் மழை அறைந்தது. வாளி காய்ந்து கிடந்தது.

ரதி குனிந்து வாளியை எடுத்தாள்.

"சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க அங்கிள். பியானோவைத் திரும்ப இங்கேயே வைக்கணும், ஒரு பக்கம் பிடிங்க."

"மழை விடட்டுமே, பிள்ளை."

"விட்ட பிறகு வச்சா என்ன இருக்கு" என்றபடி அவள் தள்ளத் தொடங்கியிருந்தாள்.