மஞ்சள் கேபிளின் மறுமுனை

எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குக் கண்ணாடிக் கதவு. கீழே கார் நிறுத்துமிடத்திலேயே மாட்டிவிடலாம் என்று சிலர் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன். முடிச்சூரில் குடியிருப்பவன் எந்தப் பெட்டியையும் தரைத்தளத்தில் வைக்கமாட்டான். வெள்ளம் வந்த வருடத்தின் மங்கிய கோடு அந்தத் தூண்களில் இன்னும் இருக்கிறது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மழைக்காலத்தில் அது மெல்ல மேலெழுந்து வருகிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு நெட்வொர்க் சுவிட்ச். வெளியிலிருந்து வரும் ஒரே இணைய இணைப்பை எல்லா வீடுகளுக்கும் பிரித்தளிக்கும் கருவி. தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கும் அலமாரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தச் செய்தி எந்த வீட்டுக்கு உரியதோ அந்த வீட்டின் துளையில் மட்டும் அதைச் சேர்க்கும். துளை ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பச்சை விளக்கு. செய்தி போகும்போதும் வரும்போதும் அது துடிக்கும்.

அதை வாங்கச் சொன்னவன் நான். பொருத்தியவன் நான். கேபிள்களுக்கு வீட்டு எண் எழுதி ஒட்டியவனும் நான்தான். பொறியியல் படித்து, தொலைபேசித் துறையில் பணி முழுவதையும் கழித்து, ஒரு புகாருக்கும் இடமின்றி ஓய்வு பெற்றவன் என்பதால் குடியிருப்பு இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது. நானும் அதை ஒரு பதவியாகவே கருதினேன்.

மாலை வேளைகளில், நடந்துவிட்டுத் திரும்பும்போது, அந்தக் கண்ணாடியின் முன் சற்று நிற்பேன். யார் என்ன பார்க்கிறார்கள் என்று அறிய நான் ஒருநாளும் முயன்றதில்லை. அது என் தகுதிக்கு உகந்ததன்று. ஆயினும் விளக்குகளின் நடையை அறியாமல் இருக்க முடியவில்லை. தரைத்தளத்து வீட்டின் விளக்கு விட்டுவிட்டுத் துடிக்கும். மறைமலை நகர்க் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்த மனிதர் பாதித் தூக்கத்தில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பார் போலும். மூன்றாம் மாடி விளக்கு மழை போல இடைவிடாமல் அடிக்கும். முதல் மாடி விளக்கோ மிகச் சீரானது. அங்கே மிருதங்கம் கற்பிக்கும் ஒரு பெண் இருக்கிறார். கடல் கடந்த ஊர்களில் உள்ள பிள்ளைகளுக்கு இணையத்தின் வழியே பாடம் எடுப்பவர். வெளியே தாம்பரத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயிலின் ஓசை தேய்ந்து மறைய, உள்ளே அந்தப் பச்சைப் பொறிகள் நீருக்கடியில் அசைவன போல மினுங்கும். எங்கள் குடியிருப்பு உறக்கத்தில் மூச்சுவிடுவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

நவராத்திரி தொடங்கியபோது மிருதங்க ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. விஜயதசமி அன்னிக்குக் காலைல புதுப் பசங்க எல்லாம் சேர்றாங்க. முதல் பாடம். நடுவுல கட் ஆச்சுன்னா பேரன்ட்ஸ் அபசகுனம்னு நினைச்சுடுவாங்க. எதுக்கும் தனியா ஒரு கனெக்ஷன் போட்டுக்கட்டுமா? நம்ம பில்டிங்குள்ள மொபைல் சிக்னல்தான் கிடைக்கவே மாட்டேங்குதே."

தவறாகத்தான் நினைத்தேன். காட்டிக்கொள்ளவில்லை.

"அவசியமில்லை. என் வார்த்தையை நம்பலாம்," என்றேன்.

அவர் நம்பினார். வேறு ஏற்பாடு எதுவும் செய்துகொள்ளவில்லை.

ஆயுத பூஜையை எங்கள் குடியிருப்பில் பொதுவாகக் கொண்டாடுவது வழக்கம். கார் நிறுத்துமிடத்தில் கோலமிட்டு மேசை போட்டு, அவரவர் தொழிற்கருவியைக் கொண்டுவந்து வைப்போம். மிருதங்கம், தையல் இயந்திரம், தரைத்தளத்துக்காரரின் ஸ்பேனர் பெட்டி, என் லேப்டாப், கேபிள் சோதிக்கும் கருவி, ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாம் ஒரே வரிசையில் பொட்டிட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும். பூஜை முடிந்த பின், மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை எதையும் தொடக்கூடாது. முந்தைய ஆண்டு தரைத்தளத்துக்காரர் தம் பைக்கைச் சரிசெய்ய ஸ்பேனரை எடுக்க வந்தபோது, எல்லார் முன்னிலையிலும் அவரைத் தடுத்தவன் நான். விதி என்றால் விதி என்றும் சொல்லியிருந்தேன்.

அன்று பூஜைக்குச் சற்று முன் என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு படிக்கட்டில் நின்றாள்.

"ஏங்க, உங்க ஸ்க்ரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு உண்டு. ஊருக்கே உழைக்குற இந்தப் பெட்டி மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"அதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் எல்லார் வீட்டிலும் இணையம் போய்விடும்."

"நிறுத்த வேணாம். ஓடிட்டே இருக்கட்டும். நான் தூசி தட்டிப் பொட்டு வெச்சு ஒரு பூ போடுறேன். சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். அதில் குற்றம் காண எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

நண்பகலில் பூஜை நடந்தது. பொரியும் கடலையும் சுண்டலும் கை மாறின. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழங்களின் மேல் வண்டிகள் ஏறி இறங்கின. தெருவெங்கும் குங்குமம் கலந்த ஈர மணம். வானம் தாழ்ந்து, பஞ்சு போன்ற சாம்பல் வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தேன்.

கதவு தட்டப்பட்டது. மிருதங்க ஆசிரியை நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், நெட் சுத்தமா இல்ல. எங்க வீட்ல மட்டும் இல்ல, எல்லார் வீட்லயும் போயிடுச்சு. நாளைக்குக் காலைல கிளாஸ் சார்."

"நான் இருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பெட்டியின் மேல் சாமந்தி மாலை ஒன்று கனமாகத் தொங்கியது. மாலைக்கு மேலே விளக்குகள் தெரிந்தன. அவற்றைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டேன். எல்லாம் ஒன்றாகத் துடித்தன. தரைத்தளத்துக்காரரின் தூக்கக் கலக்கம் இல்லை, மூன்றாம் மாடியின் மழை இல்லை, முதல் மாடியின் சீர் இல்லை. எல்லா வீடுகளும் தம் முகத்தை இழந்து, வெறிகொண்ட ஒரே இதயம் போல அடித்துக்கொண்டிருந்தன.

மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தேன். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. சற்று நேரம் தத்தம் போக்கில் மினுங்கின. பிறகு ஒன்றையொன்று பார்த்துப் பழகியவை போல மறுபடியும் ஒரே துடிப்பில் விழுந்தன.

இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். லேப்டாப்பை இணைத்து, பாஸ்வேர்டு கொடுத்து, சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, எந்தத் துளையில் எவ்வளவு நெரிசல் என்று பார்க்க வேண்டும். லேப்டாப்போ கீழே, பூஜை மேசையில், நெற்றியில் குங்குமத்தோடு வீற்றிருந்தது. கீழே இறங்கினேன். மேசைக்கு அருகே நாற்காலி போட்டு, பொரி கொறித்தபடி, தரைத்தளத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேனும் உடன் இருந்தார்.

"இன்னா சார், பொட்டிக்குச் சாமி வந்துடுச்சா?" என்றார் வாட்ச்மேன். "வேப்பில ஒடிச்சுகினு வரட்டுமா?"

தரைத்தளத்துக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் லேப்டாப்பைக் காட்டினார்.

"எடுத்துக்கோங்க சார். நாங்க ரெண்டு பேரும் கண்ணை மூடிக்குறோம். போன வருஷம் என் ஸ்பேனருக்குச் சொன்ன ரூல் எல்லாம் பெரியவங்களுக்குக் கிடையாது."

"விதி எல்லார்க்கும் ஒன்றுதான்," என்றேன்.

"அப்போ நாளைக்கு மிருதங்கம்?"

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். என் வார்த்தையும் என் விதியும் எதிரெதிரே நின்றன. இரண்டில் ஒன்றை இழந்துவிட்டு இந்தப் படிக்கட்டில் மறுபடி நடமாட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியின் முன் அமர்ந்தேன். கையில் கருவி எதுவும் இல்லாமல் ஓர் இயந்திரத்தின் முன் அப்படி உட்கார்ந்தது என் வாழ்நாளில் அதுவே முதல் முறை. வெளியே தூறல் தொடங்கியிருந்தது. இரும்புலியூர்ப் பக்கமிருந்து ஒரு ரயிலின் நீண்ட ஒலி வந்து, மழைக்குள் கரைந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. சாமந்தியின் கசந்த மணம், சந்தனத்தின் குளிர்ச்சி, கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பச்சைத் துடிப்பு. பார்க்கப் பார்க்க அது ஒளியாக அல்லாமல் ஒலியாகக் கேட்கத் தொடங்கியது. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல, அதையே இன்னொருவர் திருப்பிச் சொல்ல, முதலாமவர் அதைப் புதுச் சொல் என்று எண்ணி மறுபடியும் சொல்ல, இப்படியே ஒரு கூடம் முழுதும் அந்த ஒரே சொல்லால் நிரம்பி, வேறு எவர் குரலும் எழ இடமில்லாமல் போவது போல.

எங்கோ ஒரு வளையம் இருக்கிறது என்று அப்போது தெளிந்தது. புறப்பட்ட செய்தி வெளியேறாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

மாலையை இரு கைகளாலும் மெல்ல உயர்த்தினேன்.

அதன் கீழே, ஒரு துளையிலிருந்து கிளம்பி அழகாக வளைந்து, கடைசியில் இருந்த காலித் துளைக்குள் இறங்கியிருந்தது ஒரு மஞ்சள் கேபிள். அது என்னுடையது. லேப்டாப்பை இணைப்பதற்காக ஒரு முனையைச் சுவிட்சிலேயே எப்போதும் செருகி வைத்திருப்பேன். மறுமுனை என் லேப்டாப்புக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். இப்போது அந்த முனையும் குடியேறிவிட்டது. இரண்டு முனைகளிலும், நுனிவிரலால் வைத்த, ஒரே அளவான குங்குமப் பொட்டு. அந்த விரலை நான் அறிவேன்.

கதவைத் திறந்து மஞ்சள் கேபிளை உருவினேன்.

விளக்குகள் ஒரு கணம் திகைத்தன. பிறகு, கூட்டம் கலைவது போல, ஒவ்வொன்றும் தன் நடைக்குத் திரும்பியது. மூன்றாம் மாடியில் மழை பெய்தது. தரைத்தளம் தூங்கி வழிந்தது. முதல் மாடியின் விளக்கு சீராக எழுந்தபோது மேலேயிருந்து, "வந்துடுச்சு சார்!" என்ற குரலும், படிகளில் ஓடி வரும் காலடியும் கேட்டன.

அதற்குள் தரைத்தளத்துக்காரரும் வாட்ச்மேனும் வந்துவிட்டார்கள். என் மனைவியும் இறங்கி வந்தாள்.

"என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார் ஆசிரியை.

மஞ்சள் கேபிளை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சிறிய தொழில்நுட்பக் கோளாறு. நீக்கிவிட்டேன்."

"அந்த மஞ்சள் ஒயரா?" என்றாள் என் மனைவி, என் முதுகை எட்டிப் பார்த்து. "நான்தாங்க சொருகினேன். பூஜை நாளும் அதுவுமா ஒண்ணு மட்டும் அநாதை மாதிரி தொங்கிட்டு இருந்துது. பக்கத்துலயே ஒரு ஓட்டை காலியா இருந்துது. சேர்த்து வெச்சேன். தப்பா?"

ஆசிரியை சிரித்த சிரிப்பில் படிக்கட்டே அதிர்ந்தது.

"ஆன்ட்டி, நீங்க கல்யாணம் பண்ணி வெச்சதுல ஊரே நின்னுபோச்சு!"

தரைத்தளத்துக்காரரும் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"லேப்டாப்பைத் தொடாமலே கண்டுபிடிச்சிட்டீங்களே சார்," என்றார்.

"இத்தகைய வளையங்களைத் தானே தடுக்கும் ஏற்பாடு சுவிட்சில் உண்டு," என்றேன். "அது இருந்தால், கேபிளைச் செருகியதும் இணைப்பு வர அரை நிமிடம் ஆகும். அந்தத் தாமதம் குறித்து உங்கள் வீட்டிலிருந்து புகார் வந்ததால் நிறுத்தி வைத்திருந்தேன்."

"அரை நிமிஷம்தானே. இருந்துட்டுப் போகட்டும் சார். நான் அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுப்பேன்."

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, கற்பூரம் அணைவதற்குள், எல்லாரும் அவரவர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டோம். ஆசிரியை மிருதங்கத்தை மடியில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். நான் லேப்டாப்பின் குங்குமத்தைத் துடைக்காமலேயே திறந்து, வளையத் தடுப்பை இயக்கினேன். மஞ்சள் கேபிளின் மறுமுனைக்கு என் மனைவி ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் கையாலேயே ஒரு சிறு உறை தைத்து வந்திருந்தாள்.

"இனிமே அது அநாதை இல்ல. சட்டை போட்டுட்டு சும்மா தொங்கட்டும்," என்றாள்.

சாமந்தி வாடத் தொடங்கியிருந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

முதல் மாடியிலிருந்து நிதானமான குரல் கேட்டது: "த, தி, தொம், நம்." ஒரு நொடி அமைதி. பின், எங்கோ வேறொரு பொழுதில், நான் காணாத ஓர் அறையில், முதன்முறையாக வைத்த ஒரு சிறு கையின் அடி, தயங்கித் தயங்கி, கடல்களைக் கடந்து வந்து சேர்ந்தது. கண்ணாடிக்குள் முதல் மாடியின் பச்சை விளக்கு துடித்தது. பாடம் முடியும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.