நான் ரிஜெக்ட் செய்த மழை

ஒரு முழுப் பருவமழையை நான் ரிஜெக்ட் செய்திருக்கிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூன்று நாள் சிரத்தையாக உட்கார்ந்து, வாங்கி வைத்த டீயை ஆறவிட்டுச் செய்தேன். முடித்த அன்று கேன்டீனில் எனக்கு நானே ஒரு கேசரி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

நான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தர ஆய்வாளராக இருந்தவன். லைனில் வரும் பீஸை எடுத்து ‘கேஜ்’ என்ற அளவு வளையத்தில் நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் ஓகே, நுழையாவிட்டால் சிவப்புத் தொட்டி. பிறகு அந்த வேலையை ஒரு கேமரா செய்ய ஆரம்பித்தது. அதற்கு டீ பிரேக் வேண்டாம், மூக்குக்கண்ணாடி வேண்டாம், பக்கத்து லைன்காரனோடு அரசியல் பேசவும் வேண்டாம். எனக்கு ஒரு சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் அட்டவணை போடத் தெரியும் என்ற ஒரே புண்ணியத்தில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆராய்ச்சி செய்பவர்களின் தரவுகளைச் சர்வரில் பத்திரமாக வைக்க வேண்டும், கேட்கும் வெளியூர்க் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதிதாகப் போட்டுத் தர வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதுதான்.

சேர்ந்த வாரமே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன்: ‘ஒரே ஃபைல், ஒரே இடம். லேப்டாப்பில் நகல் வைத்துக்கொள்ளாதீர்!’ கம்பெனியில் ஒரே சாமான் இரண்டு இடத்தில் கிடந்தால் சூப்பர்வைசர் சாமியாடுவார். அந்தப் பழக்கம். பேராசிரியர்கள் அறிவிப்பைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவி மட்டும் மதித்துப் படித்து, தன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்தாள். என் வாழ்நாளில் என் பேச்சை அப்படியே கேட்ட முதல் ஆள். அவளுக்குத்தான் இப்படி ஆனது.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பென்னலூரைச் சுற்றி ஆறு கிணறுகளில், டார்ச் லைட் அளவில் ஒவ்வொரு கருவியைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கால் மணிக்கு ஒருதரம் அது தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளும். மழை பெய்தால் எந்தக் கிணறு எவ்வளவு ஏறுகிறது, சுற்றிலும் மண் கிடக்கும் கிணறு எப்படி, சுற்றிலும் காங்கிரீட் போட்டுவிட்ட கிணறு எப்படி என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மூன்று வருட வேலை; அதில் கருவிகள் அளந்தது போன வருடத்து ஒரே ஒரு பருவமழையை.

ஒருநாள் வந்து, “அண்ணாச்சி, நம்ம கூட வேலை செய்யுத டீம் கிணத்து டேட்டா கேக்காவ. அப்படியே ஷேர் பண்ணிருங்க” என்றாள்.

‘அப்படியே’ என்றுதான் சொன்னாள். ஆனால் பரிசோதிக்காத சரக்கு கேட்டைத் தாண்டக் கூடாது என்று இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவனுக்கு எப்படிக் கை வரும்? ஃபைலைத் திறந்து பார்த்தேன். திக்கென்றது. பல மாதம் ஒழுங்காக, சமர்த்தாக வந்துகொண்டிருந்த எண்கள் திடீரென்று எகிறிக் குதித்தன. அளவுகோல் துள்ளினால் கோளாறு பொருளில் இல்லை, அளவுகோலில்தான் என்பது எங்கள் வேதம். பாவம், சின்னப் பெண், பழுதான கருவியை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் அலைந்திருக்கிறாள் என்று எனக்கு மனசு உருகிவிட்டது. சராசரி கண்டுபிடித்தேன். மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று எல்லை போட்டேன். எல்லை மீறிய எண்களையெல்லாம் நீக்கினேன். சுத்தம் செய்த ஃபைலை அனுப்பினேன். சுத்தம் செய்யாததை எங்கே வைப்பது? ஒரே ஃபைல், ஒரே இடம். சர்வரில் பழசின் மேலேயே புதுசைப் போட்டேன். ராத்திரி பேக்கப் தானாக ஓடியது. நான் அமைத்த பேக்கப் அல்லவா, என்னைப் போலவே விசுவாசமானது. சர்வரில் இருப்பதை அட்சரம் பிசகாமல் நகலெடுத்து, தன்னிடமிருந்த பழசைத் தூக்கிப் போட்டுவிட்டது.

அடுத்த வாரம் அந்தக் குழுவோடு ஆன்லைனில் கூட்டம். தொழில்நுட்ப உதவிக்கென்று நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பாராட்டு வந்தால் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தபடியே கும்பிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் இருந்த பேராசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “உங்க டேட்டா ரொம்ப நீட்டா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். உங்க ஊர்ல போன வருஷம் மழையே பெய்யலையா?”

அந்தப் பெண் சிரித்தாள். “முட்டளவு தண்ணியில நடந்து போய் ரீடிங் எடுத்திருக்கேன் சார்.”

“அப்போ இந்தக் கோடு ஏன் நேரா போகுது?”

வரைபடம் திரையில் வந்தது. ஆறு கிணறும் ஆறு ஸ்கேல் கோடு. அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “மூணு நாள் செக் பண்ணேன் சார். ஒரு ரிஜெக்ட் பீஸ் உள்ள இல்ல” என்றேன்.

கூட்டம் முடிந்ததும் அவள் என் மேஜைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

“மழைய எங்க அண்ணாச்சி?”

“அது கோளாறுன்னு நெனச்சிக்கினேம்மா. தூக்கிட்டேன்.”

“பேக்கப்ல இருக்குமுல்லா?”

நான் மேஜை டிராயரைத் திறந்து மூடினேன். உள்ளே ஒரு ஸ்டேப்ளர்தான் இருந்தது.

அவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “பத்து நாள்ல பி.எச்டி. கமிட்டி. ஏற்கெனவே ஒரு தடவ டைம் நீட்டிக் குடுத்துட்டாவ. இன்னொரு தடவ கிடையாது. மழை இல்லாம நான் என்னத்த அண்ணாச்சி காட்டுவேன்? கிணத்துல தண்ணி கெடக்குன்னா?”

ஐந்து நிமிடம் கழித்து அவளே எழுந்தாள். கிணற்றுக்குள் தொங்கும் கருவிகளுக்குச் சொந்த நினைவகம் உண்டு. அது நிரம்பினால் பழசின் மேல் புதுசை எழுத ஆரம்பிக்கும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நாளை மறுநாள் போன வருட மழை மாதங்களை அது அழிக்க ஆரம்பித்துவிடும். இந்த உலகத்தில் மழையை அழிக்கும் வேலையில் நான் தனி ஆள் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல். வெளியே சொல்லவில்லை.

மறுநாள் காலை என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே, பின்னால் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவள். மத்தியானத்துக்குள் ஐந்து கிணறு முடிந்தது. ஐந்திலும் மழை பத்திரமாக இருந்தது. ஆனால் ஐந்தும் காங்கிரீட் சூழ்ந்த கிணறுகள். மண் சூழ்ந்த ஒரே கிணறு ஆறாவது. அது இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவது?

அந்தக் கிணறு ஒரு விவசாயக் குடும்பத்தினுடையது. மூன்று பக்கம் கம்பெனிச் சுவர், நடுவில் கொஞ்சம் கத்தரிக்காய். வீட்டுக்கார அம்மாள் செகண்ட் ஷிப்டில் ஹவுஸ்கீப்பிங் போகிறவர், யூனிபார்ம் சேலையில் வந்து நின்றார்.

கம்பி, மோட்டார் குழாயில் எங்கோ சிக்கியிருந்தது. அந்தப் பெண், “இருங்க அண்ணாச்சி, மெதுவா” என்றாள். நான் பாவ விமோசனம் தேடும் வேகத்தில் இருந்தேன். கைப்பிடிச் சுவரில் காலை ஊன்றி ஒரே இழுப்பு. கம்பி என் கையோடு வந்தது. கருவி வரவில்லை. கீழே ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீரில் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

“கம்பி நல்லாத்தானே இருந்தது” என்றேன்.

“இன்னா சார், கெணத்துல இருந்து எடுக்க வந்தியா, போட வந்தியா?” என்றார் அம்மாள்.

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அம்மாள் கேலியை நிறுத்தினார். “இன்னாத்துக்குமா அழுவுற? அதுல இன்னா கீது?”

“போன வருஷம் பெஞ்ச மழைக் கணக்கு அக்கா. கம்ப்யூட்டர்ல இருந்தத அண்ணாச்சி அழிச்சிட்டாவ. அதுல மட்டுந்தான் இருக்கு.”

அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மழையவா அழிச்ச? நீ அழிச்ச மழையில எங்க வூட்டு ஓடு ஒயுவி, பாய் தலகாணி எல்லாம் நனைஞ்சி போச்சுய்யா.” பிறகு உள்ளே போய், பரணிலிருந்து ஒரு பாதாளக் கரண்டியைத் தூக்கி வந்தார். வளையத்தைச் சுற்றிக் கொக்கி கொக்கியாகத் தொங்கும் அந்த இரும்பைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். நானும் கயிற்றைப் பிடிக்கப் போனேன்.

“நீ அப்டி ஓரமா நில்லு சார். புண்ணியமா போவும்.”

ஓரமாக நின்றேன். முதலில் ஒரு செருப்பு வந்தது. அடுத்து பாசி. மூன்றாவது முறை கயிறு கனத்தது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வந்தது ஒரு பித்தளைச் சொம்பு. அம்மாள் அதைக் கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அய்யோ, இது எங்க அம்மா வூட்டு சீரு. நாத்தனாருதான் எடுத்துகினு பூட்டான்னு ஏழு வருசமா அவகூட பேசலியே!”

“பேசிக்கலாம் அக்கா” என்றாள் அந்தப் பெண் கெஞ்சலாக. “இன்னும் ஒரு தடவ போடுங்க.”

நான்கு, ஐந்து, ஆறு. கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. “நீ போ, நான் வரல!” என்று அம்மாள் அங்கிருந்தே கத்தினார். ஏழாவது முறை, ஒரு கொக்கியின் நுனியில், அறுந்த கம்பித் துணுக்கு மாட்டியபடி கருவி மேலே வந்தது. சேறு வழிந்தது. அவள் துப்பட்டாவால் துடைத்து, கத்தரிச் செடி நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் இணைத்தாள். திரையில் ஒரு கோடு நகர்ந்தது. நேராகப் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு அந்தக் கோடு சுவரேறிக் குதிக்கிற மாதிரி விருட்டென்று மேலே எகிறியது. பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், “ஆங், அன்னிக்குத்தான் பாய் நனைஞ்சிது” என்றார்.

கமிட்டி நல்லபடியாக முடிந்தது. அந்தக் கோடு குதித்த இடத்தைக் காட்டி அவள் இருபது நிமிடம் பேசினாளாம். நான் சுவரிலிருந்து அறிவிப்பைக் கிழித்தேன். பேக்கப் பழசை விடாமல் அடுக்கி வைக்கும்படி மாற்றினேன். ஆளாளுக்குப் போய் லேப்டாப்பிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

சில மாதம் கழித்து ஆய்வேடு பைண்டாகி வந்தது. மனித புத்தி, நான் முதலில் புரட்டியது நன்றிப் பக்கத்தைத்தான். கிணற்றுக்கார அம்மாள் இருந்தார். பாதாளக் கரண்டிகூட இருந்தது. நான் இல்லை. இன்னொரு முறை விரல் வைத்துப் படித்தேன். இல்லை.

அவளிடமே போய்ச் சிரித்தபடி, “இன்னாமா, ஆறு கெணத்துக்கும் என் வண்டியிலதானே வந்த? நம்ம பேர் விட்டுப்போச்சு போல கீதே” என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நன்றி சொன்னது எடுத்துக் குடுத்தவியளுக்கு அண்ணாச்சி. தொலைச்சவியளுக்கு இல்ல.”