ஒரு சட்டி வெளிறிய இறைச்சி

வாழையிலையில் கிடந்த அந்த இறைச்சியிலிருந்து தண்ணீர் வடிந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இரத்தமல்ல, தண்ணீர். நிறம் வெளிறி, அமுக்கினால் விரல் பதிந்தது. இன்றைக்குக் கொழும்புக் கடைகளில் பன்றியிறைச்சி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. என் மகள் கூசாமல் வாங்கி வருகிறாள். நான் அந்தப் பொட்டலத்தைத் தொடுவதில்லை.

எழுபதுகளில் ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டேன். புருஷனை இழந்த என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவர் நாட்டுக் கறுப்புப் பன்றிகள் வளர்த்தார். அவை வளர்வதற்குள் நமக்கு வயதாகிவிடும். ஆனால் இறைச்சி கருஞ்சிவப்பாக, இறுக்கமாக இருக்கும். கீழே சிங்களக் கிராமத்தில் அதற்குத் தனி மதிப்பு. குட்டிகள் சீக்கிரம் பருக்கட்டும் என்று கால்நடை வைத்தியர் ஒரு வெள்ளை ஆண் பன்றியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பிறந்த கலப்புக் குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனால் ஒரு சட்டி விழுந்தாலும் நடுங்கும். "இதுவும் ஒன்னய மாதிரிதான் புள்ள, எதுக்கெடுத்தாலும் பயம்" என்று அத்தை என்னைச் சீண்டுவார்.

வெட்டிய அன்று அது கயிற்றைக் கண்டு ஓடி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கால்கள் விறைத்து விழுந்தது. பிறகுதான் கத்தி வைத்தார்கள். கிராமத்தார் காலையிலேயே வாங்கிப் போனார்கள். வெட்டிக் கொடுத்த ஆண்கள், என் புருஷனும் சேர்ந்து, கழுவிய கையோடு கள்ளுக்குப் போய்விட்டார்கள்.

மத்தியானம் கிராமத்துக் கடைக்காரர் ஆட்களோடு ஏறி வந்தார். எல்லார் கையிலும் கத்தி. நோயில் செத்த பன்றியை விற்றுவிட்டாய், என் மகன் வாந்தியெடுக்கிறான் என்று கத்தினார். அவர் குரலும் நடுங்கியது. பிள்ளைக்காகப் பயந்த மனிதன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? நான் ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். மிஞ்சிய இறைச்சியில் ஒரு சட்டி நிறைய எடுத்து அவர்கள் கண்முன்னே சமைத்தார். அது பாதியாகச் சுருங்கியது. வாசலில் உட்கார்ந்து தின்னத் தொடங்கினார். மருமகளுக்கும் கொடு என்று கடைக்காரர் என்னைக் காட்டினார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பே, மாத்தயா" என்றார் அத்தை. சிங்களத்தில் முடியாது ஐயா என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ உள்ள போ புள்ள. ஒன் பங்கையும் நானே தின்னுக்கிறேன்."

சட்டியை வழித்துத் தின்றார். அவர்கள் முற்றத்திலேயே குந்தியிருந்து, அவர் சாகிறாரா என்று பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். பையன் தேறிவிட்டான் என்று ஆள் வந்து சொன்ன பிறகே இறங்கிப் போனார்கள். ஆனால் அவன் தின்றது ஒரு துண்டு. அத்தை தின்றது ஒரு சட்டி.

மறுநாள் காலை அத்தை குளித்து, நல்ல சேலை கட்டி, பெட்டிச் சாவியை என் இடுப்பில் செருகினார். நான் சாவியைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் செய்தி கேட்டு அந்தக் கால்நடை வைத்தியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வாழையிலையில் மிஞ்சியிருந்த பச்சைத் துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இது நோயில்லையம்மா. அந்த வெள்ளைப் பண்டியின்ர பரம்பரையில வாற குணம். பயந்தால் உடம்பு கொதிச்சு, இறைச்சி இப்பிடி வெளிறிப்போகும். உங்கட கறுப்புப் பண்டியளுக்கு அது இல்லை. திண்டால் ஒண்டும் செய்யாது. அந்தப் பெடியன் சத்தியெடுத்தது வேற எதாலயோ."

 அத்தை சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் சாக மாட்டேனாங்க, ஐயா?"