தொடரைத் தோற்க வைத்தது நான்தான்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஆறு — பெற்றது நான்கு, அண்ணன் விட்டுவிட்டுப் போனது இரண்டு. ஆறு பேரும் என் சொல்லைத் தட்டாதவர்கள்தான்... கிரிக்கெட் விஷயத்தைத் தவிர.

நியூசிலாந்து போன நம் அணி, போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஒன் டே மேட்சில் தோற்றுத் தொடரையும் விட்டுவிட்டதே — ஏன்? டி.வி.யில் கோட் போட்டவர்கள் இன்னும் அலசிக்கொண்டிருக்கிறார்கள். பிட்ச் என்கிறார் ஒருவர். காற்று என்கிறார் இன்னொருவர். டாஸில் தோற்றதுதான் என்கிறார் மூன்றாமவர்.

ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் மகன் குமரவேல் செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கிறவன். ஒரு சூளை பொம்மை மொத்தமும் விரிசல் விட்டு வெளியே வந்தாலும், "மண்ணுன்னா அப்படித்தாம்மா" என்று சாப்பிட உட்கார்ந்துவிடுவான். நம் ஆள் ஒருத்தன் அவுட் ஆனால் மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவான். இந்த டூர் தொடங்கியதிலிருந்து மேட்ச் அன்று காலை ஆறு மணிக்கே குளித்து, தலை சீவி, டி.வி. முன்னால் ஆஜர். பள்ளிக்கூடத்துக்கு இவனை எழுப்ப நான் பட்ட பாடு கொஞ்சமா? எங்கேயோ இருக்கிற நியூசிலாந்துக்காரன் ஒரே நாளில் எழுப்பிவிட்டான்!

இந்தக் கிரிக்கெட்டால் என் வீட்டில் ஒரு பிளவு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், திட்டக்குடியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் தமிழரசி, மூத்த பிள்ளைக்குக் காது குத்தினாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? அன்றைக்கும் ஒரு வெளிநாட்டு மேட்ச். "ரெண்டே ஓவரும்மா, நீ முன்னாடி போ, வந்துடுறேன்" என்றான். அவன் வந்து இறங்கியபோது நல்ல நேரம் போய்விட்டது. பிள்ளை எவனோ ஒரு பங்காளி மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, அழுது முடித்து, லட்டும் தின்று முடித்திருந்தான்.

"எனக்காவ கொஞ்ச நேரம் காத்திருக்கக் கூடாதா?"

"ஒனக்கு மருமவன வுட மேட்ச்சு பெருசாப் போச்சா?"

அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

இப்போது சின்னவனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறாள். எனக்குப் போன் வந்தது. "நீ மறக்காம வந்துடும்மா" என்றாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மாமன் குத்துக்கல்லாக இருக்க, இந்தப் பிள்ளையும் எவன் மடியிலோ உட்கார வேண்டுமா? ஆறு வளர்த்தவளுக்கு இது தலைகுனிவு இல்லையா?

எங்கள் ஊர்ப் பக்கத்து முருகனிடம் பிராது கட்டுகிற வழக்கம் உண்டு. குறையை மனுவாக எழுதி, எதிரி பெயர், ஊர் எல்லாம் போட்டு, வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று நாளிலோ, மூன்று வாரத்திலோ, மூன்று மாதத்திலோ சாமி தீர்த்துவைப்பார். தீர்ந்ததும் ராஜினாமா என்று இன்னொரு சீட்டு எழுதி, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியை நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிற யாழினி — குமரவேலின் மகள் — அவள்தான் ரகசியமாக எழுதிக் கொடுத்தாள். எதிரி பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் சிக்கல். மகனைப் போடவா, மகளைப் போடவா? இரண்டும் நான் பெற்றது. யோசித்துச் சொன்னேன்: "எதிரி — கிரிக்கெட்டுன்னு போடு. ஊரு — நம்ம வூடு."

முதல் மேட்ச் ஜெயித்து இரண்டாவது தோற்றிருந்த நேரம். வியாழக்கிழமை கோயிலுக்குப் போகக் குமரவேலைக் கூப்பிட்டேன். கூப்பிட்டவுடன் வண்டியை எடுத்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கோயிலில் பார்த்தால், அவன் சட்டைப் பையிலும் ஒரு மனு!

அங்கே மனு வாங்கிச் சரிபார்க்கிற பெரியவர் கேட்டார். "எதிரி யாருப்பா?"

"அவனுங்க டீம்ல வேகமாப் பந்து போடுறவங்க. ரெண்டாவது மேட்ச்ல நம்மாளுங்களப் படாதபாடு படுத்திட்டாங்க."

"ஊரு?"

"நியூசிலாந்துங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க வர்றதெல்லாம் வரப்புத் தகராறு, பங்காளித் தகராறு. எதிரி மிஞ்சிப்போனா மங்கலம்பேட்டயத் தாண்ட மாட்டான். நீ சாமிய பிளேன் ஏறச் சொல்றியேப்பா!"

"சாமிக்குத் தூரம் ஏதுங்க?"

அவன் மனுவைக் கட்டினான். அவன் பிரகாரம் சுற்றி வருவதற்குள் அதன் மேலேயே என்னுடையதையும் கட்டிவிட்டேன்.

ஞாயிறு மூன்றாம் நாள். மத்தியானம், கடைசி ஓவர். ஜெயித்த மாதிரிதான் என்று குமரவேல் எழுந்து நின்றுவிட்டான். நம் ஆள் ஒருத்தன் ஓங்கி ஒரு அடி... பந்து நேராக எல்லையில் நின்றவன் கைக்குள். முடிந்தது. குமரவேல் அப்படியே உட்கார்ந்தான்.

போன் அடித்தது. பெயரைக்கூடப் பார்க்காமல் எடுத்தான். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான் — கம்பெனிச் சத்தத்தில் பழகிய காது.

"ஏண்ணே, அந்தப் பந்தப் போயி எவனாவது தூக்கி அடிப்பானா?"

தமிழரசி!

"அத ஏன் கேக்குற பாப்பா! ஒண்ணொண்ணா ஓடியிருந்தாலே போதும். பெரிய இவன் மாரி..."

"இவனயெல்லாம் யாரு டீம்ல எடுத்தது?"

"வரட்டும். ஏர்போர்ட்டுலயே வச்சிக்கிறேன்!"

கால் மணி நேரம் திட்டினார்கள். ஒருத்தரையும் விடவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சில்லை என்பது அப்போதுதான் உறைத்தது போல, தமிழரசியின் குரல் இறங்கியது.

"சாப்ட்டியாண்ணே?"

"இல்ல பாப்பா. நீ?"

"நானும் இல்ல. அது கெடக்கட்டும், சின்னவனுக்கு ஒன் மடிதான். நேரத்துக்கு வந்துடு."

குமரவேல் காலண்டரைப் பார்த்தான். "என்னா தேதி..."

"பயப்படாத. பாத்துட்டுத்தான் வச்சேன். அன்னிக்கு மேட்ச்சு இல்ல."

கேட்டீர்களா? பஞ்சாங்கத்தோடு மேட்ச் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் குறித்திருக்கிறாள்! வாயைத் திறந்து கூப்பிடத்தான் வீம்பு. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறதோ... நான் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தனுக்குச் சோறு போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஜெயித்திருந்தால்? அவனவன் தெருவில் பட்டாசைக் கொளுத்திவிட்டுப் போயிருப்பான். ஜெயித்தவனுக்கு யாரும் தேவையில்லை. தோற்றால்தான் சேர்ந்து திட்ட ஓர் ஆள் தேடுகிறது.

சாமி இரண்டு மனுவையும் பார்த்திருக்கிறார். ஒன்று கடல் தாண்டி. ஒன்று பக்கத்து வீடு. பக்கத்தில் இருக்கிற கேஸை முதலில் முடித்துவிட்டார். நாட்டுக்குத் தொடர் போய்விட்டது. வருத்தம்தான்... ஆனால் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

நேற்று நானும் யாழினியும் போய் ராஜினாமா கட்டிவிட்டு வந்தோம். பெரியவர் ஞாபகமாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த நியூசிலாந்து கேஸு என்னாச்சு?"

"அது நடக்குதுங்க. மூணு மாசம் இருக்குதே."

குமரவேலுக்கு இன்னும் தெரியாது. பத்திரிகையை அவன் பின்னாலிருந்து புரட்டுவான். விளையாட்டுப் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவான். என் பக்கம் வரை வந்ததே இல்லை.

யாழினி, எழுதனத ஒரு தபா படி பாக்கலாம். அந்த எதிரி பேரு வர்ற எடத்த மட்டும் மெதுவாப் படி — ஒங்கப்பன் பக்கத்து ரூம்லதான் ஒக்காந்திருக்கான். நம்மாளுங்க அடுத்த டூருக்குக் கெளம்பிட்டாங்களாம்.